சுவர் சொன்ன எண்

சுரங்கப்பாதையில் மருந்துக்குக்கூட ஒரு விபத்து நடக்கவில்லை என்று பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தக்காரருக்கு அடுத்த அரசாங்க வேலை கிடைக்கும். ஆபத்துக்கால ஒத்திகை மணி அடித்ததும் பட்டியலிலிருந்த முப்பத்தொரு தொழிலாளர்களும் வெளியே ஓடிவந்து, வரிசையாக நின்று எண் சொன்னார்கள். கடைசி ஆள் "முப்பத்தொண்ணு" என்று முடித்தார். உள்ளே, புதுக் கான்கிரீட் சுவரிலிருந்து "முப்பத்திரெண்டு" என்று கேட்டது.

"எதிரொலி சார்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"எதிரொலி சொன்னதைத்தானேய்யா திருப்பிச் சொல்லும்? அடுத்த நம்பரையா சொல்லும்?"

அதிகாரி ஆவல் தாங்காமல் உள்ளே போய்ச் சுவரில் காதை வைத்தார்.

"முப்பத்திமூணு."

அவர் பேனாவை மூடினார். "இன்னும் யாராவது உண்டா?"

பின்னாலேயே வந்த ஒப்பந்தக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அவ்வளவுதான் சார். சத்தியமா ரெண்டே பேர்தான்."

சுவர் கொஞ்சம் தயங்கியது. பிறகு வரிசை தப்பாமல் சொன்னது:

"முப்பத்திநாலு."