மைக் டெஸ்டிங்

அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

அரங்கில் அது யாருக்கும் தெரியவில்லை.

ஒஹாயோவில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. மைக் டெஸ்டிங் இல்லாமல் நம்மவர்கள் விழா எது தொடங்கியிருக்கிறது? மேடையில் ஒரு பெண் "ம்ம்ம்" என்று இழுக்கிறாள். "ட்ச்... ட்ச்" என்கிறாள். மைக்கில் மூச்சு விடுகிறாள்.

சரி, டெஸ்டிங் நடக்கிறது என்று சனம் வடை வரிசைக்குப் போய்விட்டது.

அவள் அமெரிக்காவிலேயே பிறந்தவள். சொந்தமாகப் பாட்டுக் கட்டி ஆறு இசைத்தட்டு போட்டவள். ஒன்றில் ஃப்ரிட்ஜின் முனகலோடு சேர்ந்து பாடியிருப்பாள். இன்னொன்றில் வார்த்தையே கிடையாது. நியூயார்க் பத்திரிகைகளில் ஆஹா ஓஹோ என்று எழுதினார்கள்.

அப்பா மட்டும் முதல் இசைத்தட்டைக் காரில் கடைசிவரை கேட்டுவிட்டு, "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்றார்.

அதற்குப் பிறகு வந்த எதையும் அவள் அவர் கண்ணில் காட்டவில்லை. ரோஷக்காரி.

இன்று அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு பாட்டை அவர் முழுசாகக் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த மேடைக்கே ஒப்புக்கொண்டாள். நான்காவது இசைத்தட்டிலிருந்து, அவளுக்கு உயிரான பாட்டு.

"எக்கோ ஜாஸ்தியா இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தொண்டர் ஒருவர் மேடையேறி, அவள் பாடப் பாடவே மைக் ஸ்டாண்டை இறக்கிவிட்டுப் போனார். அவள் குனிந்து பாடினாள்.

பாட்டு முடிந்தது.

சங்கச் செயலாளர் தணிகைவேல் வந்து மைக்கைக் கையில் எடுத்தார். "மைக் பிரமாதமா இருக்கு. எல்லாரும் வந்து உக்காருங்க. நம்ம பாடகி இப்பப் பாட ஆரம்பிப்பாங்க."

போதும்டா சாமி.

அவளுக்கு அழுகை முட்டியது. மேடையோரம் கழற்றி வைத்த செருப்பைத் தேடினாள்.

"ஒன்ஸ் மோர்!"

அப்பா எழுந்து நின்றிருந்தார். இத்தனை வருடச் சங்கக் கூட்டங்களில், மின்விசிறியைப் போடுங்கள் என்றுகூட வாய் திறந்து கேட்காத மனிதர்.

செயலாளர் திருதிருவென்று விழித்தார். "எதை சார்?"

"இப்பப் பாடினாளே, அதைத்தான்." அப்பா மகள் பக்கம் திரும்பினார். "நடுவுல ஒரு இருமல் வரணும்மா. ரெக்கார்டுல இருக்கு. இன்னிக்கு விட்டுட்டியே?"

உண்மைதான். பதற்றத்தில் விட்டிருந்தாள்.

வடைத் தட்டோடு நின்றவர்கள் அப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அவள் செயலாளர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இருமல் வர வேண்டிய இடத்தில் அழுகை வந்துவிட்டது.

"சபாஷ்!" என்றார் அப்பா.