குருவிக் காலில் ஒரு முடிச்சு

"துரையே சீமைக்குப் போயிட்டாரு. இனி யாருக்காகக் குருவி புடிச்சிக்கிட்டு இருக்க?" கூடையைக் கவிழ்த்துப் பிடித்திருந்த மனைவி பாலாமணியைக் கேட்டான், மலைநாட்டுப் பலாபத்வலச் சந்தியில் கடை வைத்திருந்த சிவஞானம்.

பறவைப் பைத்தியமான தோட்டத்துத் துரை, போன ஐப்பசியில் ஊராரிடம் சிவப்பு நூல் கொடுத்திருந்தார். கடல் தாண்டி வந்திறங்கும் ஆறுமணிக் குருவியின் காலில் அதைக் கட்டிவிட்டால், அதே குருவி மறுவருஷமும் வருகிறதா என்று பார்க்கலாமாம். கூலி கிடையாது என்றதும் எல்லாரும் நழுவிவிட்டார்கள். கட்டியவள் பாலாமணி ஒருத்திதான்.

"யாருக்காகவும் இல்லைங்க. திரும்பி வருதான்னு எனக்குத் தெரியணும்."

"அவ்வளவு தூரம் போனது ஒன் கொல்லையத் தேடி வருமாக்கும்."

அவள் கூடைக்குள் கைவிட்டுக் குருவியை எடுத்தாள். களைத்துப்போயிருந்த அதன் இடது காலில் வெளுத்த சிவப்பு நூல் இருந்தது. சிவஞானம் கிட்டே வந்து குனிந்தான்.

"அதே குருவிதாங்க. ஆனா மத்தக் காலப் பாருங்க."

வலது காலில் மஞ்சள் தோய்த்த நூல். தாலிக்குப் போடுவதுபோல் மூன்று முடிச்சு.

"இது நீ கட்டினதா?"

"நான் செவப்பு மட்டுந்தான் கட்டுனேன். இது அக்கரையில எவளோ ஒருத்தி கட்டினது. என் நூலப் பாத்திருக்கா."

குருவியைப் பறக்கவிடப் போனவளின் கையைச் சிவஞானம் பிடித்தான்.

"கொஞ்சம் இரு," என்று தன் வேட்டிக் கரையிலிருந்து ஒரு நூலை உருவி நீட்டினான். "இதையும் கட்டி விடு. நாம பாத்துட்டோம்னு அவளுக்குத் தெரிய வேணாமா?"