வைக்கோல் நுரை

“வெறும் வைக்கோலு எப்டி பொங்கும் ஷாரோனு? அதான் காத்தால உத்திரமேரூர்ல வாங்கின வெல்லத்துல ரெண்டு அச்சு கரைச்சி ஊத்தினேன்,” என்கிறாள் அம்மா. சாணம் காய்ந்த அவள் கை நீலப் பீப்பாயின் விளிம்பைத் துடைக்கிறது. வைக்கோலிலிருந்து எரிசாராயம் எடுக்க, அதன் நாரைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் கலந்து இதில் ஊற்றி, ஒரே ஒரு குமிழிக்காக இருபது நாளாகக் காத்திருக்கிறேன். இன்று நுரை விளிம்புவரை ஏறி, வெயிலில் மினுங்கி, சன்னமாக வெடிக்கிறது. “நாளைக்கு காலேஜ்ல இத்ததாம்மா காட்டணும். இது வெல்லம் பொங்குறது.” “பொங்கிச்சா இல்லியா? சாராய ஊறலுக்கு வெல்லந்தான் போடுவாங்கன்னு ஊருக்கே தெரியும். நீ படிச்சிட்டு மூஞ்சத் தூக்கிக்கினு கீற.” அம்மா பெருமையாகச் சிரிக்கிறாள். எந்தக் குமிழி எதிலிருந்து வந்தது என்று இனிப் பிரிக்க முடியாது. கொஞ்சமாவது வைக்கோலும் பொங்கியிருக்கும்தானே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?