மனைவி பெயர்

ஓய்வூதிய அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் பிற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நாற்காலியில்தான் அவள் கணவர் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தார். இறந்துபோன ஊழியர்களின் மனைவிமாருக்குக் குடும்ப ஓய்வூதியம் எழுதிக் கொடுத்தார். போன மாதம் அவரும் போய்விட்டார். இப்போது அவரிடம் வேலை கற்றவன் அங்கே உட்கார்ந்து, அவருடைய பணிப்பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டுகிறான். மனைவி பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஊரார் கட்டங்களையெல்லாம் நிரப்பிய அந்த உருண்டைக் கையெழுத்து மேல் வரியிலேயே நின்றுவிட்டது. “அண்ணன் நாளைக்கு நாளைக்குன்னே விட்டுட்டாரு, அண்ணி. கல்யாணம் ஆனதுக்கு அத்தாட்சி வேணும்.” அவளுக்குக் காது சுடுகிறது. “எங்க கல்யாணத்துல மூணு பந்தி உக்காந்து சாப்பிட்டவன் நீ. நீதான்டா அத்தாட்சி.” “நான் சாப்பிட்டது கோப்புல ஏறலையே, அண்ணி.” வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். மின்விசிறிக் காற்றில் பதிவேட்டின் தாள் படபடக்கிறது. அதன் மேல் அவள் உள்ளங்கையை அறைந்து வைக்கிறாள். “ஊருக்கெல்லாம் எழுதினாரு மகராசன். எனக்கு எழுத மட்டும் கை வலிச்சிருக்கு.” நிமிர்கிறாள். “சரி, உன் பதிவேட்டுல உன் பொண்டாட்டி பேரு இருக்கா?” முத்திரைக் கட்டை அவன் கையில் அந்தரத்தில் நிற்கிறது. “போய் எடுத்துட்டு வாடா. முதல்ல அதை எழுது. அப்புறம் எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடு,” என்கிறாள், கையை எடுக்காமல். அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, பதிவேடுகள் அடுக்கிய அலமாரியை நோக்கி நடக்கிறான்.