குற்றம் தேடுகிறார்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியே மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. நிரல்காரர் திரையை முறைத்துக்கொண்டிருக்கிறார். பஸ் எப்போது வரும் என்று கணிக்கும் நிரலை வருஷக்கணக்காக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் சும்மா போட்டுவைத்தவர். சீண்ட ஆளில்லை. இப்போது முகம் தெரியாத ஒருத்தி, எந்தச் செல்போனும் இணையம் வழியே கேட்டு அந்தக் கணிப்பை வாங்கிக்கொள்ள வழி எழுதி அனுப்பியிருக்கிறாள். இவர் பொத்தானை அமுக்கினால்தான் அது நிரலோடு சேரும். அதற்குள் கீழே கருத்துப் பகுதியில் ஊரே கைதட்டுகிறது. "இப்பத்தான் இதுக்கு உசிரு வந்துச்சு" என்கிறான் ஒருவன். அப்போ இத்தனை நாள் பிணமா? பொறாமைதான், வேறென்ன. வரி வரியாகத் துருவிப் பார்த்தும் ஒரு குற்றம் அகப்படவில்லை. கடைசியில், "நடுவில் ஒரு வரி காலியாகக் கிடக்கிறது, எடுத்துவிட்டு அனுப்பு" என்று எழுதித் திருப்பிவிடுகிறார். துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவி எட்டிப் பார்க்கிறாள். "உங்கம்மாகூட எங்கிட்ட இப்படிக் குத்தம் தேடினதில்லைங்க." "நீ சும்மா இரு." டம்ளரில் காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிடுகிறது. காலி வரி போய்விட்டது. "நன்றி அண்ணா. நான் எழுதினதை இவ்வளவு கவனமா யாருமே படிச்சதில்ல." பொத்தானுக்குப் போன விரல் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு மெல்லத் திரையை மேலே தள்ளி, முதல் வரியிலிருந்து மறுபடி, இந்தத் தடவை நிஜமாகவே, படிக்க ஆரம்பிக்கிறார்.