சாவி வேண்டாத பூட்டு

முதலில் தப்புச் செய்தது மேனேஜர்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஜூன் பத்தொன்பதாம் தேதி, "லேப்டாப்பைக் காணோம். ஆபீஸ் சாவியைக் குடுங்க" என்று எல்லோர் முன்னாலும் கையை நீட்டினார்.

ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் பெரியவர் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் லேப்டாப், மேனேஜரின் கார் சீட்டுக்கு அடியிலேயே கிடைத்தது. சாவி திரும்பி வரவில்லை. மன்னிப்பாக ஒரு வார்த்தையும் வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில், மேனேஜர் வந்து திறக்கும்வரை, வாளியும் துடைப்பமுமாக மாடிப்படியில் காத்திருப்பு.

இன்று சாவியே வேண்டாத பூட்டு வாங்கப் போகிறார்களாம். பூட்டுக் கம்பெனிக்காரர் நாலு பெட்டியோடு வந்திருந்தார்.

"பெரியவரே, விரலை வைங்க," என்றார் மேனேஜர்.

வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு.

"பினாயில்ல ஊறின கை. ரேகை தேஞ்சு போச்சு," என்றார் கம்பெனிக்காரர்.

"வேண்டாம். அடுத்தது."

அடுத்தது முகம் பார்க்கும் பெட்டி.

"கண்ணாடியக் கழட்டிட்டு இதைப் பாருங்க ஐயா."

"கழட்டினா எதைப் பாக்கறதுன்னு தெரியாதே தம்பி."

யாரோ சிரித்தார்கள்.

"வேண்டாம். அடுத்தது."

மூன்றாவது, ஸ்மார்ட்போனைக் காட்டினால் திறக்குமாம். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போனை எடுத்தார்.

"சார், மத்த எல்லாருக்கும் இது சரியா வருமே," என்றார் கம்பெனிக்காரர்.

"இவருக்கு வரலையே."

பெரியவருக்குக் காது சுட்டது. இருபது பேர் இருக்கும்போது, என்னை நிறுத்தி வைத்துத்தான் வேடிக்கை காட்ட வேண்டுமா?

கடைசிப் பெட்டியில் பத்துப் பட்டன்கள் மட்டும்.

"இருக்கறதிலேயே சாதாரணம் இதுதான் சார். நாலு நம்பர் அழுத்தினா திறக்கும்."

"இதையே மாட்டுங்க. காலையில முதல்ல வர்றவர் இவர்தான். நம்பரை இவரே வைக்கட்டும்." சொல்லிவிட்டு மேனேஜர் கீழே இறங்கிப் போனார்.

மாட்டி முடிந்தது. "மறக்காத நம்பரா வைங்க ஐயா. நான் பாக்கல," என்று கம்பெனிக்காரர் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் யோசிக்கவே இல்லை. ஒன்று, ஒன்பது, சைபர், ஆறு. சாவி பறிபோன தேதி. தினமும் அந்த ஆள் இதை அழுத்தித்தான் உள்ளே வர வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார். வரட்டும். இன்றைக்கு என்னிடம் கேட்கட்டும்.

மேனேஜர் படியேறி வந்தார். பூட்டைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். நேராகப் பட்டன்களை அழுத்தினார்.

ஒன்று. ஒன்பது. சைபர். ஆறு.

பச்சை விளக்கு எரிந்தது. மேனேஜர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நீங்க முதல்ல போங்க."

பெரியவர் போனார். அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கிதான். அவர் விடுவதாகவும் இல்லை. ஆனால் நாளையிலிருந்து உள்ளே உட்கார்ந்து காத்திருப்பார்.