பஸ்ஸில் வளர்ந்த குல்லா

"உச்சிய இன்னைக்கு மூடிப்போடுவியா கண்ணு?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"மூடணும்க்கா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சுரணும்" என்றாள் அனுசுயா, பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் போகும் காலை பஸ்ஸில் இருவருக்கும் ஒரு வாரமாக அடுத்தடுத்த சீட். மயிலாத்தாளின் மகள் அனிதா எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமே என்று தாய்க்காரி தினமும் சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டு போய் வந்தாள்.

அனுசுயா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருப்பூர் நெருப்பெரிச்சலில் குடியிருப்பவள். அவள் போவது வேறொரு ஆஸ்பத்திரிக்கு. பஸ் கிளம்பியதுமே பையிலிருந்து நாலு ஊசியையும் நீல உல்லன் நூலையும் எடுத்துவிடுவாள். யார் கண்ணிலாவது குத்தித் தொலைக்கப் போகிறது என்று கண்டக்டர் முதல் நாள் முனகினார். பிறகு அவரே ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்.

என்ன பின்னுகிறாய் என்று மயிலாத்தாள் கேட்கவே இல்லை. கேட்டால் அவள் கௌரவம் என்ன ஆவது? பனியன் கம்பெனியில் குழந்தைக் குல்லா செக்கிங் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். டேப் வைக்காமல் சைஸ் சொல்வாள். முதல் நாளே ஓரக்கண்ணால் பார்த்து முடிவு கட்டிவிட்டாள். விளிம்பில் இழுத்தால் விரியும் ரிப், அதற்கு மேல் வட்டம், பிறந்த குழந்தைக் குல்லாவைவிட நன்றாகவே சிறியது. அப்படியென்றால் குறைமாதக் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள், கூட இருக்க விடமாட்டார்கள், அதனால்தான் இவள் சாயங்காலம் திரும்பிவிடுகிறாள். குழந்தை இவளுடையதா, இவள் தங்கையுடையதா என்றுதான் தெரியவில்லை. அதைக் கேட்க மயிலாத்தாளுக்கு நா எழவில்லை. அந்த நேரத்தில் குழந்தைப் பேச்சை எடுக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"டாக்டர் என்ன கண்ணு சொல்றாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னைக்குப் பாத்துத்தான் சொல்லுவாகளாம். பொழைக்குமா, பொழைக்காதான்னு." அனுசுயா அடுத்த கண்ணியை எடுத்தாள். "எதுக்கும் மனசைத் தேத்திக்கச் சொல்லிட்டாகக்கா."

மயிலாத்தாள் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. இந்தக் குல்லா நல்லபடியாக முடிந்து அந்தத் தலையில் ஏறிவிட்டால் அனிதாவின் பிள்ளையும் தங்கிவிடும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். பைத்தியக்காரத்தனம்தான், அது அவளுக்கே தெரியும். ஆனாலும் ஊசியில் ஒரு சுற்று ஏறினால் இவளுக்கு மூச்சு லேசாகும். பஸ் குலுங்கி ஒரு கண்ணி நழுவினால் நெஞ்சு அடைக்கும்.

அவிநாசி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உச்சி மூடியது. அனுசுயா நூலை முடிந்து, மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். முடித்த சந்தோஷம் அவள் முகத்தில் துளியும் இல்லை. பின்னல் அழகாக உட்கார்ந்திருக்கிறது என்று மயிலாத்தாள் பாராட்டிப் பார்த்தாள்.

அன்று அனிதாவுக்குப் பிரஷர் இறங்கவில்லை. காலையில் ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுக்க வேண்டியிருக்கும், கையெழுத்துப் போட மருமகனை வரச்சொல்லுங்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். மருமகனுக்கு போன் போட்டுச் சொல்லி, மாற்றுத் துணி எடுத்துவர மயிலாத்தாள் ஊருக்குக் கிளம்பினாள். எப்படி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள் என்பதே அவளுக்கு நினைவில்லை.

சாயங்கால பஸ்ஸில் அனுசுயா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியைப் பார்த்ததும் மயிலாத்தாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

குல்லாவைப் பிரித்துக்கொண்டிருந்தாள் அனுசுயா. காலையில் மூடிய உச்சி திறந்து கிடந்தது. சுருண்டு சுருண்டு நூல் மடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

வேறு சீட்டுக்குப் போய்விடலாமா என்று மயிலாத்தாள் ஒரு கணம் நினைத்தாள். மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ குல்லாவைப் பிரித்துப் போட்டிருக்கிறாள், ஓட்டை விழுந்தது, கண்ணி விட்டது என்று. இதில் ஒரு குற்றமும் இல்லை, காலையில் அவளே பார்த்தாள். குற்றமில்லாத குல்லாவைப் பிரிக்கிறார்கள் என்றால் போட்டுக்கொள்ளத் தலை இல்லை. அவ்வளவுதான். நாளைக் காலை அனிதாவுக்கும் இதே கதிதானோ?

பஸ் புறப்பட்டது. அனுசுயா தலை நிமிராமல் பிரித்துக்கொண்டே இருந்தாள். மயிலாத்தாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவள் தோளில் கை வைத்தாள்.

"மனச உட்டுறாத சாமி. நம்ம கையில என்ன இருக்குது?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அனுசுயா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளும் அழுதிருந்தாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"நீங்க ஏன்க்கா அழுறீக?"

"அந்தக் கொழந்த..." என்று விளிம்பு மட்டும் மிஞ்சிக்கொண்டிருந்த குல்லாவைக் காட்டினாள் மயிலாத்தாள்.

"கொழந்தையா? இது எங்க வீட்டுக்காரரு வலது கைக்குப் போடுற உறைக்கா. கட்டிங் மிசின்ல அஞ்சு வெரலும் துண்டாகி ஒட்ட வச்சிருந்தாக, ஒண்ணும் தேறாதுன்னுதான் மொட்டையா மூடிப் பின்னுனேன்" என்ற அனுசுயா, முகமெல்லாம் சிரிப்பாக இன்னொரு சுற்றைப் பிரித்தாள். "ரெண்டு வெரலு பொழச்சிருச்சாம்க்கா, அதுக வெளிய வர வழி விட வேண்டாமா?"